கோயமுத்தூர் தூரத்தில் யாழ்ப்பாணம்!

வீட்டில் பள்ளிக்கூட அட்லஸ் இருக்கிறதா? பையனுடையது, தம்பியுடையது, யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியா பக்கத்தைத் திறந்து, ஊசி முனையைத் திருச்சி மேல் குத்துங்கள். பென்சில் முனையைக் கோயமுத்தூர் வரைக்கும் நீட்டுங்கள். கை நடுங்காமல் இப்போது ஒரு சுற்று.

வட்டம் வடகிழக்கே பாண்டிச்சேரியைக் கொஞ்சம் தள்ளிப் போகும். அப்புறம் கடலில் இறங்கும். பாக் நீரிணையைத் தாண்டி ஒரு கரையில் ஏறும். அந்தக் கரையில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

யாழ்ப்பாணம்!

சந்தேகமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. அட்லஸை நம்பாமல், மூன்று விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். திருச்சியிலிருந்து கோயமுத்தூர் விமான நிலையம், காகம் பறக்கிற நேர்கோட்டில், 184 கிலோமீட்டர் சொச்சம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 184 கிலோமீட்டர். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கடல் மைலில் சொன்னால் 99. டவுன் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் கண்டக்டர் விட்டுவிடுகிற ஒரு ரூபாய் மாதிரி, நூறுக்கு ஒன்று குறைச்சல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 416 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து பலாலி சுமார் 354. மதுரையைவிட யாழ்ப்பாணம்தான் சென்னைக்குக் கிட்டே! அதுவும் கொஞ்சம்கூடக் கோணாமல் நேர் தெற்கே. சென்னையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஆடும்.

ஆபீஸ் கேன்டீனில் இதைச் சொன்னேன். எதிரே பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்த நண்பர் ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "இருக்கட்டும் ஸார். கோயமுத்தூருக்கு அஞ்சு மணி நேரம். கரூர்ல பஸ் நிக்கும், காபி குடிக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு நேரம்?"

நியாயமான கேள்வி. தூரம் என்பது அட்லஸில் இருக்கிற சமாசாரம். மனுஷனுக்கு வேண்டியது நேரம். 'ஸ்ரீரங்கம் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் நம் ஊரில் யாராவது கிலோமீட்டரில் பதில் சொல்கிறார்களா? 'அரை மணி நேரம் ஆகும்ங்க' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பதில்தான் இந்த 184 கிலோமீட்டரில் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கிறது.

* * *

1914-லிலிருந்து கொழும்பு போகிற வழி போட் மெயில். எழும்பூரில் ரயில் ஏறி, திருச்சி வழியாக, அந்த வருஷம் புதிதாகத் திறந்த பாம்பன் பாலத்தைத் தாண்டி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. எண்பதுகளில் சண்டை சூடுபிடித்ததும் அதுவும் நின்றது.

விமான வழியும் பழசுதான். 1938-லேயே டாடாவின் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சியில் இறங்கிக் கொழும்புக்குப் போயிருக்கிறது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. யுத்தம் முடிந்து 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் என்று ஒரு கம்பெனி பிறந்தது. அதனுடைய முதல் விமானம், ஒரு டக்கோட்டா, எங்கே போனது தெரியுமோ? லண்டனுக்கு இல்லை, சிங்கப்பூருக்கு இல்லை. கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, மெட்ராஸ்! ஒரு தேசம் தன் முதல் விமானத்தை அனுப்ப நினைத்தபோது ஞாபகம் வந்தது நம் ஊர்தான்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணக்காரர்கள் சேலை எடுக்கவும் சினிமா பார்க்கவும் திருச்சிக்குப் பறந்து வந்து போனார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எவ்வளவு பேர், எத்தனை சினிமா என்பதற்கெல்லாம் கணக்கு இல்லை. ஆனால் இரண்டு கரையிலும் வயசானவர்களைக் கேட்டால் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது நம் சினிமா. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது இலங்கை வானொலி. ரேடியோ அலைக்கு 184 கிலோமீட்டர் என்பது ஒரு மில்லி செகண்டுகூட இல்லை. விசாவும் கேட்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. பிறகு யுத்தம். பலாலியில் ராணுவம் நிரந்தரமாக உட்கார்ந்தது. அந்த முப்பது நாற்பது வருஷத்தில் திருச்சிக்காரர் ஒருவர் யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது 418 கிலோமீட்டர், தெற்கே. அங்கே கட்டுநாயக்காவில் இறங்கி, தரை வழியாக மறுபடி வடக்கே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அதுவும் பாதை திறந்திருந்தால்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். மூக்கு 184 கிலோமீட்டரில் இருக்கிறது, கை எண்ணூறு கிலோமீட்டர் சுற்றுகிறது.

நடுவில் கடிகாரத்துக்கும் பைத்தியம் பிடித்தது. 1996-ல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரமும், பிறகு அரை மணி நேரமுமாக நமக்கு முன்னால் நகர்த்தி வைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து வருஷம், ஒரே தீர்க்கரேகையில் இருக்கிற சென்னையும் யாழ்ப்பாணமும் அரை மணி வித்தியாசத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

2019 அக்டோபர் 17-ம் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் ஒன்று வந்து இறங்கியது. நவம்பரில் வழக்கமான சர்வீஸ். அப்பாடா என்று உட்காருவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா! மறுபடி கதவு திறக்க 2022 டிசம்பர் ஆனது. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நான்கு மணி நேரம் சொச்சம், கடல் அம்மாவின் மூடைப் பொறுத்து. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பறந்தது. கடைசியாக, 2025 மார்ச் 30-ல் திருச்சியிலிருந்தே நேராக யாழ்ப்பாணம்.

எவ்வளவு நேரம்? டைம்டேபிளில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருந்தார்கள்.

* * *

இங்கேதான் கணக்குப் பிள்ளைகளுக்கு மூக்கு வியர்க்கும். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்கிற காற்றாடி விமானம். பிரான்ஸில் துலூஸ் என்கிற ஊரில் செய்வது. மணிக்குக் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் போகும். 184-ஐ 500-ஆல் வகுத்தால்? இருபத்திரண்டு நிமிஷம்! மீதி முப்பத்தெட்டு நிமிஷத்தை யார் அடித்தார்கள்?

யாரும் அடிக்கவில்லை. விமானக் கம்பெனி சொல்லும் நேரம் பறக்கிற நேரம் இல்லை, ஸார். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, லாரிக்கு வைக்கிற மாதிரி? திருச்சியில் அந்தக் கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து பலாலியில் மறுபடி கட்டையை வைக்கிற நிமிஷம் வரைக்கும்தான் அவர்கள் கணக்கு. நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் ஒரு துபாய் விமானம் இறங்குகிறதென்றால் காத்திருப்பது, இறங்கியபின் திரும்பி வருவது எல்லாமே அதில் அடக்கம். கூட ஐந்து பத்து நிமிஷம் கையிருப்பும் வைத்துக்கொள்வார்கள். லேட்டாகக் கிளம்பினாலும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று மைக்கில் மார்தட்டிக்கொள்ள வேண்டாமா? 'பத்து மணிக்கு வந்துடறேன்' என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போய் நல்ல பெயர் வாங்குகிற அதே தந்திரம்தான்.

ஐநூறு கிலோமீட்டர் வேகம் என்பதும் உச்சிக்கு ஏறியபின்தான். ஏறும்போது முந்நூற்றுச் சொச்சம்தான் போகும். ஓடுபாதையைத் தொடும்போது இருநூறை ஒட்டி வந்துவிட வேண்டும். தவிர, காகம் பறக்கிற கோட்டில் விமானம் பறப்பதில்லை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கை வைத்துத்தான் கிளம்ப வேண்டும். மேல்காற்றடிக்கிற ஆடியில், யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் முதலில் கோயமுத்தூர் பக்கமாகக் கிளம்பி அப்புறம் திரும்ப வேண்டியிருக்கும்!

விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. ஆயிரம் அடி இறங்குவதற்கு மூன்று கடல் மைல் வேண்டும். பதினைந்தாயிரம் அடியில் பறக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர் தேவை. திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்கோடு போட்டால் அது பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே போய், அதிராம்பட்டினம் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. அதுவரை ஏறக்குறையப் பாதித் தூரம் நிலம். மீதி கடல். ஆக, நம் கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்ததுமே யாழ்ப்பாணத்தில் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். நிலத்தின் மேல் ஏறுகிறோம், கடலின் மேல் இறங்குகிறோம். சமதளமாகப் பறந்தோம் என்று சொல்லிக்கொள்ள நடுவில் சில நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

இதையெல்லாம் தள்ளிவிட்டு, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை நான் போன அன்று கைக்கடிகாரத்தில் பார்த்தது முப்பத்தெட்டு நிமிஷம்.

'இதுதான் உலகத்திலேயே குட்டிப் பயணமா?' என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவில் 2.7 கிலோமீட்டர். அங்கே டிக்கெட் போட்டு விமானம் விடுகிறார்கள். டைம்டேபிளில் இரண்டு நிமிஷம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 செகண்டில் போய்ச் சேர்ந்ததுதான் ரிகார்டு. திருச்சியில் மெயின்கார்டு கேட் சிக்னலில் நாம் நிற்கும் நேரம் அதைவிட ஜாஸ்தி.

கேன்டீன் நண்பருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்கிறார்கள். பறக்க ஒரு மணி. அங்கே குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி நேரம். கோயமுத்தூர் பஸ்ஸும் ஐந்து மணி நேரம்! தூரமும் சமம், நேரமும் சமம். பஸ்ஸில் கரூர் காபி உபரி.

* * *

திருச்சியின் புது முனையம் 2024 ஜூனில் புழக்கத்துக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாக, ஸ்ரீரங்கத்துக்கு ஏசி போட்ட மாதிரி இருக்கிறது. அந்தப் பிரம்மாண்டத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் வரிசைகள் கூட்டமாக நெளிய, ஓர் ஓரத்தில் யாழ்ப்பாண வரிசை. எல்லாருமே ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பாதி வரிசையின் கையில் மணப்பாறை முறுக்கு. எடை மெஷினில் பெட்டி கனத்துப்போய், ஒரு மாமா அங்கேயே உட்கார்ந்து பட்டுப் புடவைகளைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஏடிஆரில் ஏறுகிற வாசல் பின்பக்கம். முன்னால் விமானிக்கும் நமக்கும் நடுவில் பெட்டிகள். இந்தப் பக்கம் இரண்டு சீட், அந்தப் பக்கம் இரண்டு. நடு சீட் என்கிற தண்டனையே கிடையாது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பளிச்சென்று தெரியும். கிராமம் பார்த்துக்கொண்டே போக இதைவிடத் தோதான விமானம் இல்லை என்பது என் கட்சி. சத்தம் மட்டும் கொஞ்சம் ரைஸ்மில் சத்தம்.

ஜன்னல் சீட்டில் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியிருக்கும். நெற்றி நிறைய விபூதி. மடியில் முறுக்குப் பை.

"முதல் தரமோ தம்பி?"

"ஆமாம்மா. நீங்க?"

"பேத்தியின்ர காதுகுத்துக்கு வந்தனான். இப்ப திரும்பிப் போறன். மகள் இஞ்சதான், திருச்சியில கலியாணம் முடிச்சு இருக்கிறாள்."

விமானம் ஓடி எழுந்தது. அம்மா ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே எதையோ தேடினார். பிறகு விரலால் காட்டினார். எனக்கு ஏதோ தகரக் கூரைகள் வரிசையாகப் போனது மாதிரி இருந்தது.

"கொட்டப்பட்டு முகாம். உதுக்குள்ளதான் இருந்தனாங்கள்."

"எவ்வளவு நாள்மா?"

"இருபத்திரண்டு வருஷம்."

திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த அகதிகள் முகாம். நாம் மாமாவை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறோம்.

"பிளேன் இறங்கேக்க கூரை அதிரும் தம்பி. சின்னப் பிள்ளையள் காதைப் பொத்திக்கொண்டு வெளியால ஓடுங்கள். ஊரில எண்டால் பிளேன் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ள ஓட வேணும். இஞ்ச வெளியில ஓடி நிண்டு பாக்கலாம். அது பிள்ளையளுக்குப் பெரிய புதினம்."

அவருடைய ஊர் வசாவிளான். பலாலி விமான நிலையத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருக்கிறது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது வலிகாமம் வடக்கு முழுக்க ஒரே நாளில் கிளம்பியது போலக் கிளம்பியதாம். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று ஆட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்குக் குறுணை போட்டுவிட்டு. பிறகு கிளாலிக் கடல், வன்னி, மன்னார் என்று இடம் மாறி மாறி, பேசாலையில் ஒரு ராத்திரி வள்ளம் ஏறி ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அங்கிருந்து பஸ்ஸில் திருச்சி.

"வீட்டை விட்டு வெளிக்கிட்டு முகாமுக்குள்ள வந்து சேர மூண்டு மாசம் பிடிச்சுது."

184 கிலோமீட்டர். மூன்று மாசம். கையிலிருந்த கால்குலேட்டர் புத்தி உடனே வகுக்கப் போனது. ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

2012-ல் திரும்பிப் போனாராம். திருச்சியில் ஏறிக் கொழும்பு, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் யாழ்ப்பாணம். "அது ஒண்டரை நாள். இப்ப பாருங்கோ, முறுக்கு இன்னும் சூடாறேல்லை."

இதற்குள் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் கீழே போய்விட்டன. உப்பளம் மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ. அப்புறம் கடல். காதில் அடைப்பு. கணக்கு சரி, இறங்க ஆரம்பித்துவிட்டோம்! பணிப்பெண் குப்பை வாங்க இரண்டாவது தடவை வருவதற்குள் பெல்ட் விளக்கு எரிந்தது. பாக் நீரிணை ரொம்ப ஆழமில்லாத கடல். வெயில் நேரத்தில் மேலிருந்து பார்த்தால் பச்சையும் மண் நிறமுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. நாலைந்து மீன்பிடி வள்ளங்கள். எந்தக் கரையுடையவை என்று மேலிருந்து சொல்ல முடியாது. கீழே இருந்தால் அதற்காகவே ஜெயிலுக்குப் போகலாம்.

"தம்பி, உந்தப் பக்கம் பாருங்கோ. கரை தெரியுதோ?"

தெரிந்தது. முதலில் வெள்ளையாக ஒரு கோடு. அதற்குப் பின்னால் பனை. பனைக்குப் பின்னால் பனை. அப்புறம் சிவப்பு மண். அவர்கள் செம்பாட்டு மண் என்கிறார்கள். நம் பண்ருட்டிப் பக்கத்து நிறம்தான், இன்னும் கொஞ்சம் கூடுதல். அதில் வரி வரியாக வெங்காயமும் புகையிலையும் வாழையும். விமானம் இன்னும் இறங்க, பயிர் வரிகள் சட்டென்று நின்றுபோய், ஒரு பெரிய நிலப்பரப்பு வெறும் புதராகக் கிடந்தது. கூரையில்லாத வீடுகள். சுவருக்குள்ளிருந்து மரம் முளைத்த வீடுகள்.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கழுத்தைத் திருப்பி, ஜன்னல் பின்னால் போகப் போக அவரும் பின்னால் போனார். சக்கரம் தரையைத் தொட்டது. தடதடவென்று காற்றாடிகள் எதிர்த்துச் சுழன்றன.

"கண்டீங்களோ?" என்றேன். எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கிணத்தடிப் பூவரசு மாதிரிக் கிடந்துது. வேகமாப் போட்டுது."

* * *

பலாலி சின்ன நிலையம். நம் டவுன் பஸ் ஸ்டாண்டு அளவு என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பெயரில் 'சர்வதேச' என்று இருக்கிறது. இறங்கி நடந்தே போய்விடலாம். குடிநுழைவு அதிகாரி என்னிடம் தமிழில் கேட்டார், "எத்தனை நாள் நிப்பீங்கள்?" வெளிநாட்டில் இறங்கி, வெளிநாட்டு அதிகாரி கேட்ட முதல் கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னபோது கொஞ்சம் ஜிலீரென்றுதான் இருந்தது. போட்டோ எடுக்கலாமே என்று மட்டும் கை பரபரக்க வேண்டாம். சுற்றிலும் விமானப்படையும் ராணுவமும்.

அந்த அம்மாவுக்குக் கதை இங்கே முடியவில்லை. வசாவிளானில் ஒரு பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு பகுதி முப்பத்தைந்து வருஷமாக வேலிக்குள். அவருடைய வளவு அந்த இன்னொரு பகுதியில். 2024 நவம்பரில் பலாலி வீதியில் முப்பத்து நாலு வருஷமாக மூடிக் கிடந்த ஒரு துண்டைத் திறந்தபோது அவரும் போய்ப் பார்த்திருக்கிறார். வீதியில் போகலாம், அவ்வளவுதான். வீதியை விட்டு இறங்கக் கூடாது. தற்சமயம் உரும்பிராயில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார்.

"வளவு இங்கேருந்து எவ்வளவு தூரம்மா?"

கையைத் தூக்கி, ஓடுபாதைப் பக்கமாகக் காட்டினார். "கூப்பிடு தூரம்."

இந்தக் கூப்பிடு தூரம் நம் பழைய அளவை. ஒருத்தர் இங்கே நின்று கூப்பிட்டால் இன்னொருத்தருக்குக் காதில் விழுகிற தூரம். ஆள் இருந்தால் பதில் வரும்.

வேனில் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். நகருக்கு சுமார் 16 கிலோமீட்டர். பலாலி வீதி நேராகப் போகிறது. முதல் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆட்கள் வந்தார்கள், சைக்கிள் வந்தது, கடைகள் வந்தன, வெங்காயக் கட்டுகளோடு ஒரு டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு போனது, டிரைவர் அதை நல்ல யாழ்ப்பாணத் தமிழில் திட்டினார். புன்னாலைக்கட்டுவன். ஊரெழு. வேலிக்கு வேலி பூவரசு. அம்மா ஒவ்வொரு சந்தியிலும் எனக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்.

உரும்பிராய்ச் சந்தியில் தங்கச்சி குடையோடு காத்திருந்தார். அம்மா இறங்குமுன் முறுக்குப் பையைப் பிரித்து ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். திருச்சிக்காரனுக்கு யாழ்ப்பாணத்தில் மணப்பாறை முறுக்கு! வேண்டாம் என்றேன். "வைச்சிருங்கோ தம்பி, இஞ்ச கிடையாது" என்றார்.

அப்புறம் கோண்டாவில். அதற்கும் அப்புறம் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, பின்னால் திரும்பாமலே குரல் கொடுத்தார்:

"திருநெல்வேலி! திருநெல்வேலி இறங்கிறவை ஆரும் இருக்கோ?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பல்கலைக்கழகம்கூட அங்கேதான் இருக்கிறதாம். ரோட்டோரச் சந்தையில் கத்தரிக்காயும் வாழைப்பூவும் குவித்து வைத்து, தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேரம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். வண்டி கிளம்பியது.